கிழக்கு வாசலுக்குப் பத்து மதிப்பெண்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம். நீயும் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

உன் அறிக்கையை எங்கள் மேலாளர் ஒத்திகை அறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார். பதினான்கு இசைக்குழுக்களின் இணையதளங்களை எடுத்துக்கொண்டு, கச்சேரிக்கு வர நினைக்கும் ஒரு மனிதருக்கு அவை எவ்வளவு தூரம் உதவுகின்றன என்று மதிப்பெண் போட்டிருக்கிறாய். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கி நாங்கள் முதலிடம். அதை ஒட்டிய அன்று எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் தம்பி எழுதியது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு மணிக் கச்சேரி. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக எனக்குத் தனியாக வாசிக்க நான்கு நிமிடம் கொடுத்திருந்தார்கள். வயோலாக்காரிக்கு அதெல்லாம் வாய்ப்பதில்லை. வயலின்காரர்களுக்கும் செல்லோக்காரர்களுக்கும் நடுவே பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருப்பவள் நான். அப்பாவிடம் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம், உனக்கே தெரியும். வலது கால் விழுந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டு இரண்டு முறையும் மாட்டேன் என்றவர்தானே என்று விட்டுவிட்டேன்.

நேற்று அரங்கத்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர் என்னிடம் கேட்டார், "அன்னைக்கு மழையில கிழக்கு வாசல்ல ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில இருந்தாரே, அவர் அப்புறம் உள்ள வந்தாரா?" எந்தப் பெரியவர் என்றேன். "இடைவேளையில காலி பாட்டில் கொட்டப் போனேன். குப்பைத் தொட்டி பக்கத்துல, தொப்பலா நனைஞ்சு உக்காந்திருந்தார். உள்ள தள்ளிட்டுப் போகவான்னு கேட்டதுக்கு, வேண்டாம்ப்பா, வண்டிக்காகக் காத்திருக்கேன்னார். அப்புறம் மெதுவா கேட்டார், வயோலா தனியா வாசிக்கிறது முடிஞ்சிருச்சான்னு."

அடையாளம் கேட்டேன். பழுப்புத் தொப்பி. இருக்கையில் கட்டம் போட்ட மெத்தை. வேறு யார்?

இன்று காலை அப்பாவிடம் போனேன். "அது நான் இல்லம்மா. நான் அன்னிக்கு வீட்டை விட்டே நகரலை" என்றார். சொல்லும்போதே இருமல். அவருடைய தோல் ஷூ நனைந்து காய்ந்து ஜன்னலோரம் விறைத்துப்போய்க் கிடக்கிறது.

எங்கள் தளத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சக்கர நாற்காலியில் வருபவர்கள் கிழக்கு வாசலுக்கு வந்து மணியை அழுத்தினால் ஊழியர் வந்து அழைத்துச் செல்வார் என்று எழுதியிருக்கிறது. கிழக்கு வாசல் அடைக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீ அந்தப் பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறாய். அந்த வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாயா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உன் சுரைக்காய்க்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண்.

அக்கா

—

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அப்பாவுக்காக வருத்தப்பட்டேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது, மறைப்பானேன்.

என் வேலை என்னவென்று உனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல படம் பாத்து மார்க் போடறதெல்லாம் ஒரு வேலையா" என்று உறவுக்காரர்கள் நடுவில் கேட்டவள் நீ. நான் மதிப்பிடுவது தளத்தை, கட்டடத்தை இல்லை. என்னிடம் நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்று போட்டிருக்கிறார்களா? அப்போதுதான் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியும். தாமதமாக வந்தால் உள்ளே விடுவார்களா? முதல் முறை வருபவர் எப்போது கை தட்டலாம் என்று தெரியாமல் விழிக்கிறாரே, அவருக்கு ஒரு வரி உண்டா? டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் போக எத்தனை தடவை அழுத்த வேண்டும்? சில தளங்களில் இசைக்குழு நடத்துநரின் தலைமுடி பறக்கிற படம் திரை முழுக்க வருகிறது, அரங்கத்தின் முகவரியைத் தேடினால் கிடைப்பதில்லை. அவர்களுக்கு அதற்கேற்ற மதிப்பெண்.

இருபத்துமூன்றாம் கேள்வி, சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி சொல்லியிருக்கிறதா. சொல்லியிருந்தது. இருபத்துநான்காம் கேள்வி, உதவிக்குத் தொலைபேசி எண். அதுவும் இருந்தது. மற்றவற்றைவிடக் கனமான கேள்விகள் என்பதால் இவை ஒவ்வொன்றுக்கும் ஐந்து, ஆகப் பத்து. பதினான்கு ஊருக்கும் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க எனக்குக் கொடுத்த மூன்று வாரம் போதாது. கதவைத் திறந்து வைப்பது உங்கள் வேலை.

ஒன்று கேட்கிறேன். பதினான்கு தளங்களிலும் அந்த ஒரு பக்கம்தான் மனிதர் எழுதியது போல இருந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது, சரிவு எத்தனை அடி, எந்த இடத்தில் தரை வழுக்கும் என்றெல்லாம் இருந்தது. எழுதியவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதினேன். அந்தப் புண்ணியவான் யார்? என்னைக் கேட்பதற்கு முன்னால் அவரைப் போய்க் கேள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். மழையைப் பற்றிப் பேசினார், வைத்துவிட்டார்.

தம்பி

—

பிப்ரவரி 15

தம்பிக்கு,

அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க அடுத்த வரி வரவில்லை.

அப்பா நாற்காலிக்கு வந்த புதிதில், இப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று மேலாளரிடம் நான்தான் நச்சரித்தேன். "நீங்களே எழுதிக் கொடுங்க" என்றார். அரங்கத்துக் காவலரோடு கிழக்கு வாசலிலிருந்து இருக்கை வரைக்கும் நடந்து, அடி அளந்து எழுதினேன். முதலில் அப்பாவுக்குத்தான் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க. ஆனா எனக்கு வேண்டாம்மா" என்றார். பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டேன். அதற்கும் வேண்டாம்.

எட்டு மாதம் கழித்து முன்கூடத்தைப் புதுப்பித்தார்கள். கிழக்கு வாசலை அடைத்துவிட்டு, சரிவுப் பாதையைப் பின்பக்கம் பெரிய வாத்தியங்கள் இறக்கும் முற்றத்துக்கு மாற்றினார்கள். நான் சைக்கிள் நிறுத்துவது அங்கேதான். தினமும் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே பூட்டுப் போடுகிறேன். பக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடம் இரண்டு மாதம் ஓட்டினேன்.

மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மறதி இல்லை. வராத மனிதருக்கு வழி எதற்கு என்று ஒரு வீம்பு. அப்பாவுக்காக எழுதிய பக்கம், அப்பா வேண்டாம் என்றுவிட்டார், அது எப்படிப் போனால் எனக்கென்ன. இந்த நகரத்தில் நாற்காலியில் இருப்பவர் அப்பா ஒருவர்தானா என்று அப்போது தோன்றவே இல்லை. அப்பா கடைசியில் கிளம்பி வந்தது என் வீம்பு அடைத்து வைத்திருந்த கதவுக்கு.

அந்தத் தொலைபேசியும் அப்படித்தான். பழைய காவலர் அறையில் இருக்கிறது. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

உன்னைத் திட்டி எழுதியபோதே இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன் பக்கம் கையை நீட்டினேன்.

அக்கா

—

பிப்ரவரி 21

அக்கா,

சனிக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். உன் வீடு அங்கிருந்து நாலு தெரு. உன்னைப் பார்க்காமல் ரயில் ஏறிவிட்டேன். ஏன் என்று கடைசி வரை படித்தால் தெரியும்.

அப்பா என்னிடமும் அதையேதான் சொன்னார். "அது யாரோடா. உங்க அக்கா வேற யாரையோ நெனச்சுட்டு வந்து கேக்கறா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் அவருக்கு இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காபி போட சமையலறைக்குள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். நான் போடுகிறேன் என்றால் விட மாட்டார். நான் மேஜையில் பேனா தேடினேன்.

இழுப்பறையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று நீ எழுதிய பக்கம், பெரிய எழுத்தில் அச்சடித்தது, சட்டைப் பைக்கு ஏற்ற அளவில் மடித்தது. நனைந்து மை கலைந்திருந்தது. அதை இஸ்திரி போட்டு நேராக்கி வைத்திருக்கிறார். இன்னொன்று என் அறிக்கை. இருபத்துமூன்று, இருபத்துநான்கு இரண்டு வரியிலும் பென்சிலால் சரி என்று குறி போட்டிருந்தார். கூரான சின்ன மூக்கு வைத்த குறி, லிப்டுகளைச் சோதித்து முடித்ததும் போடுவாரே, அதே குறி.

உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொரு வருடம் லிப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிப்டுக்குள்ளும் சோதித்த தேதியும் சோதித்தவர் கையெழுத்துமாக ஒரு அட்டை தொங்கும். அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் எந்தக் கட்டடத்திலும் நம்மை லிப்டில் ஏற விட மாட்டார். தான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கீழிருந்து மேல்வரை தானே ஒரு தரம் போய் வருவார். தன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறுவது அவருக்கு எப்போதும் ஆகாது. யாரையும் கேட்காமல் தானாகவே போய்விடலாம் என்று அன்றைக்கு அவரைக் கிளம்ப வைத்தது என் கையெழுத்து.

இனி நான் உன்னிடம் மறைத்தது. இருபத்துநான்காம் கேள்வி, எண் இருக்கிறதா என்பது மட்டுமில்லை. கச்சேரி நேரத்தில் அந்த எண்ணைக் கூப்பிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். அந்தக் கேள்வியைத் தாளில் சேர்த்ததே நான்தான். அலுவலகத்தில் அதற்காகப் பாராட்டு வாங்கினேன். பதின்மூன்று தளங்களில் அதை ஒழுங்காகச் செய்தேன். உங்கள் எண்ணை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அடித்து அடித்து ஓய்ந்தது. தாளில் "பதில் கிடைத்தது" என்று எழுதினேன்.

எழுதாவிட்டால் நீங்கள் நான்காம் இடம். எழுதினால் முதல் இடம். முதல் இடம் என்றால் உங்கள் பலகையில் ஒட்டுவார்கள், நீ அதன் முன்னால் நின்று படிப்பாய், என் தம்பி எழுதியது என்று யாரிடமாவது சொல்வாய். இந்த அல்ப ஆசைதான். நாலு பேரிடம் சொன்னேன் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதில் இல்லை என்று உண்மையை எழுதியிருந்தால் உங்கள் மேலாளர் அந்த எண்ணைத் தேடிப் போயிருப்பார். அப்போதே வாசல் விஷயமும் தெரிந்திருக்கும். அப்பா நனைந்திருக்க மாட்டார். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல்தான் ரயில் ஏறினேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதப் போகிறேன்.

தம்பி

—

பிப்ரவரி 26

தம்பிக்கு,

திருத்தாதே.

கோழைத்தனமாகத்தான் கேட்கிறேன், கேட்டுக்கொள். மேலாளர் அந்தத் தொண்ணூற்றொன்றைச் சுவரொட்டியில் போட்டுவிட்டார், இந்தப் பருவத்துக் கச்சேரி எல்லாவற்றுக்கும். நீ திருத்தினால் பக்கத்தை யார் எழுதியது, ஏன் மாற்றவில்லை என்று கேட்பார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேர் கண்ணும் முதுகில் குத்த நான் வாசிக்க வேண்டும்.

பக்கத்தை நேற்று நானே மாற்றிவிட்டேன். அலுவலகப் பெண்ணிடம், சின்னத் திருத்தம் என்று சொன்னேன். கிழக்கு வாசல் என்று இருந்த இடத்தில் பின்முற்றம் என்று வந்தாயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பு சரியாகிவிட்டது. இனி ஊரைக் கூட்டி என் முகத்திலும் உன் முகத்திலும் கரி பூசிக்கொள்வதால் அப்பா நனைந்தது நனையாமல் போகுமா?

அப்பாவே அது நான் இல்லை என்கிறார். அவருக்காகவாவது இதை இதோடு விடலாம்.

அக்கா

—

மார்ச் 4

அக்கா,

நீ கேட்டதைச் செய்ய முடியவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன் என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். இல்லை, படித்த பிறகுதான் அனுப்பினேன்.

உன் பெயர் அதில் இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: "இருபத்துநான்காம் கேள்விக்கு நான் மூன்று முறை கூப்பிட்டும் பதில் கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதியது என் பொய். இருபத்துமூன்றாம் கேள்வியில் சொல்லப்பட்ட வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. பத்து மதிப்பெண்களையும் திரும்பப் பெறுகிறேன்." உங்களுக்கு எண்பத்தொன்று, ஆறாம் இடம்.

அலுவலகத்தில் அடுத்த மதிப்பீட்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் தாளை இப்போது வேறொருவர் வைத்திருக்கிறார். யாரும் சத்தம் போடவில்லை. மதியம் சாப்பிடும்போது என் மேஜையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பக்கத்தை மாற்றிவிட்டேன் என்கிறாய். பின்முற்றத்தில் மணி இருக்கிறதா, அக்கா? அழுத்தினால் யாருக்குக் கேட்கும்? யார் வந்து திறப்பார்கள்? நாற்காலிகள் அடுக்கிய அறையில் இருக்கிற தொலைபேசியை யார் எடுப்பார்கள்? இத்தனைக்கும் மேலாளரிடம் ஒருவர் வாய் திறக்க வேண்டும். வாய் திறக்காமல் எழுத்தை மட்டும் பூசி மெழுகினால், அடுத்த மழையில் இன்னொருவர் அங்கே உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருக்கிறேன் என்பார். நான் செய்ததும் இதுதானே, எழுத்தைச் சரியாக வைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தாளில் இருந்த கேள்வியைத்தான் கேட்கிறேன்.

தம்பி

—

மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் பின்முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணியைத் தேடினேன். மணி இல்லை.

அன்று ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால் உன் திருத்தத்தைப் பழைய அறிக்கைக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். பிறகு எழுந்து நின்று, அந்தப் பக்கத்தை எழுதியவள் நான், வாசல் அடைபட்டது தெரிந்தும் ஒரு வருடம் சும்மா இருந்தவள் நான், அன்றைக்கு நனைந்தவர் என் அப்பா என்று சொன்னேன். யாரோ இருமினார்கள். நடத்துநர் இசைத்தாளைப் புரட்டினார், வாசித்தோம். திட்டியிருந்தால் தேவலை. இடைவேளையில் மேலாளர் வந்து, "மணி எங்க வைக்கணும்னு காட்டுங்க" என்றார். அவர் முகமும் தொங்கிப்போய்த்தான் இருந்தது, அவரும் தினமும் அந்த வழியாக வருகிறவர்தானே. இப்போது மணி இருக்கிறது. தொலைபேசி காவலர் மேஜைக்கு வந்துவிட்டது. சுவரொட்டியில் தொண்ணூற்றொன்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், வெயிலில் உள்ளே இருக்கிற எண் தெரிகிறது.

அப்பாவிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீம்பைச் சொன்னேன், நீ எழுதிய பொய்யையும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரோ பாவம், நனைஞ்சிருக்காரு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அவர் டிவி போட்டார்.

நேற்றுக் கச்சேரி. மூன்று மணியிலிருந்து பின்முற்றத்துக் கதவுக்கு உள்பக்கம், வாத்தியப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். வருவார் என்று யாரும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்தாரா என்று பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. மூன்று பத்துக்கு மணி அடித்தது. நான் ஓடிப்போய்த் திறந்திருப்பேன், ஆனால் திறக்க வேண்டியது நான் இல்லையே. மகளைத் தெரிந்தால்தான் திறக்கும் என்றால் அது என்ன வாசல்? காவலர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடந்து போய்த் திறந்தார்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது செகண்டு. பரவாயில்ல" என்றார். தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே வந்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ ஏம்மா இங்க நிக்கற? மேடைக்குப் போ."

"அப்பா, அன்னிக்கு..."

"அன்னிக்கு வந்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. பாத்தா சொல்லிடறேன், இப்ப தொறக்கறாங்கன்னு."

வாசித்தேன். எனக்குத் தனியாக ஒன்றும் இல்லை, வழக்கம்போலக் கூட்டத்தோடு கூட்டம். போன தடவை நான்கு நிமிடம் தனியாக வாசித்தபோது கேட்க வேண்டியவர் குப்பைத் தொட்டி பக்கத்தில் இருந்தார். நேற்று மூன்றாம் வரிசை ஓரத்தில் பழுப்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தேன், ஒரு சுரம் தவறியது. பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

முடிந்து வெளியே வரும்போது அப்பா தான் எடுத்து வந்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். லிப்டில் தொங்குமே, அதே அட்டை, கோடு கூடப் போட்டிருந்தார். தேதி, சோதித்தவர், கையெழுத்து. முதல் வரியில் அவர் போட்டார். காவலரைக் கூப்பிட்டு ஒரு ஆணி கேட்டு, கதவுக்கு உள்பக்கம் மாட்டச் சொன்னார். இரண்டாம் வரியில் என்னைப் போடச் சொன்னார். அதற்கு முன்னால் என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, மணியை அழுத்த வைத்தார். பட்டுப் புடவையோடு, அங்கேயும் இருக்கிற ஒரு குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று அழுத்தினேன். முப்பத்தைந்து வினாடி.

மூன்றாம் வரியில் தேதியை விட்டுவிட்டு உன்னை எழுதியிருக்கிறார். "சின்னவன்" என்று. அட்டையைக் கழற்றித் தபாலில் அனுப்பட்டுமா, அவன் கையெழுத்துப் போட்டு அனுப்புவான் என்று கேட்டேன்.

"வந்து மணி அடிச்சுப் பாக்காம எப்படிம்மா போடுவான்" என்றார்.

அடுத்த கச்சேரி முப்பதாம் தேதி. என் வீட்டில் தங்கு.

அக்கா